நன்றாகப் படித்த பையன் திடீரென்று பின்தங்குவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. தேனிப் பக்கம் ஊரில் இருந்தவரை நன்றாகப் படித்தான். சென்ற ஆண்டு பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்ததிலிருந்து மார்க் இறங்கிக்கொண்டே போகிறது. காலையில் வயிற்றுவலி என்று அழுகிறான், ஸ்கேனில் ஒன்றுமில்லை. டியூஷனுக்கு அனுப்பியும் பலனில்லை. அவன் அப்பா குடித்துவிட்டு வந்தால் வீட்டில் சண்டைதான். பையனுக்கு மந்த புத்தியா? ஞாபக சக்திக்கு டானிக் தரலாமா?
– வாசகி, திருப்பூர்

மருத்துவர் பதில்: மந்த புத்தியாகத் தெரியவில்லை அம்மா. அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் பெரும்பாலும் பேச்சிலோ, நடையிலோ, பள்ளியின் முதல் வகுப்புகளிலோ முன்பே தெரிந்திருக்கும். ஊர் மாறியதும் புதிதாக வராது. டானிக்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வயிறு வலிக்கிறதா என்று கவனியுங்கள். பள்ளி நாளில் மட்டும் வந்து, லீவு போட்டதும் போய்விட்டால் அது பெரும்பாலும் பயத்தால் வரும் வலி. நடிக்கிறான் என்று மட்டும் திட்டாதீர்கள். பயத்தில் குடலின் இயக்கம் மாறும். வலி நிஜமாகவே இருக்கும். அதற்காக வீட்டில் நிறுத்திக்கொள்ளவும் கூடாது, பயம் இன்னும் கூடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாந்தி, எடை குறைதல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

"ஏன் படிக்கவில்லை?" என்றால் தலையைக் குனிந்துகொள்வான். "இன்டர்வலில் யாரோடு விளையாடினாய்? பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?" என்று கேளுங்கள். பேச்சைக் கேலி செய்கிறார்களா, பாத்ரூம் போகப் பயமா, வாய்ப்பாடு தப்பினால் அடி விழுகிறதா என்பதெல்லாம் மெல்ல மெல்ல வரும். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ம் பிரிவு, தடை செய்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய குடியும் சண்டையும்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்பா எந்த நிலையில் வருவாரோ, அம்மாவுக்கு அடி விழுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை எப்படித் தூங்கும்? இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது கெட்டால் கவனமும் ஞாபகமும் கெடும். இதை டியூஷனால் ஈடுகட்ட முடியாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கணவருக்குக் குடிநோய் சிகிச்சை கிடைக்கும். அவர் வர மறுத்தாலும், 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணில் நீங்கள் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் சோதித்துவிட வேண்டும். மனப்பாடமாகவே ஒன்றாம், இரண்டாம் வகுப்பைக் கடந்துவிடும் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் வகுப்பில்தான் வாசிப்புக் குறை வெளியே தெரியும். அவன் பார்த்திராத ஒரு கதையை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டியே திணறினால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். கண், காது, ரத்தசோகை மூன்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இந்த வாரமே வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். மார்க்கைப் பற்றி அல்ல, வகுப்பில் அவன் யாரோடு பேசுகிறான், எப்போது ஒதுங்குகிறான் என்று விசாரியுங்கள். பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்காதீர்கள்.