அடைப்பானும் அறுத்த கத்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சித்தப்பா வீட்டுப் பசு காலையில் நன்றாகத்தான் மேய்ந்தது. சாயங்காலம் செத்துக் கிடந்தது. மூக்கில் கறுப்பாக ரத்தம். யாராவது விஷம் வைத்துவிட்டார்களோ என்று நேற்று வயிற்றை அறுத்துப் பார்த்தோம். பிறகு வந்த டாக்டர் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றார். மண்ணில் கிடக்கும் கிருமி மாட்டைக் கொல்லும் அளவுக்கு எப்படி மாறியது? கலப்பின மாடுகளோடு வந்த நோயா இது?

சி.

அன்புள்ள சி.,

கலப்பினத்தை விடுங்கள். 1876-ல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் இந்தக் கிருமியின் வாழ்க்கையை விவரித்தபோது நம்மூரில் சினை ஊசியே கிடையாது.

மண் என்பது பாதி சரி. இதன் நெருங்கிய பங்காளி, வடித்த சோற்றை வெளியில் வைத்தால் அதில் பெருகி வாந்தி வரவைக்கும் பேசில்லஸ் சீரியஸ். அந்தக் குடும்பத்தில் ஒரு கிளைக்கு பிளாஸ்மிட் எனப்படும் இரண்டு டிஎன்ஏ வளையங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று நச்சுக்கு, மற்றது ரத்த வெள்ளணுக்களிடமிருந்து தப்பிக்கும் உறைக்கு. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் தடுப்பூசி செய்வதற்காக இந்தக் கிருமியை 42-43 டிகிரி செல்சியஸில் வளர்த்தபோது நச்சு வளையம் கழன்றது, ஆனால் எல்லா அணுக்களிலும் அல்ல. அதனால் அவர் ஊசி சில சமயம் கொன்றது. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் உறையை இழந்த வகையைப் பிடித்தார். இன்று மாடுகளுக்குப் பெரும்பாலும் போடுவது அதைத்தான்.

சரி, அறுத்தீர்களே, அதற்கு வருகிறேன். மற்ற கிருமிகளுக்கு மாடு உயிரோடு இருந்தால் லாபம்: இருமலில், பாலில், கன்று வீச்சில் பரவலாம். அடைப்பான் மாட்டிலிருந்து மாட்டுக்கு நேராகத் தொற்றுவது அபூர்வம். அது மாட்டைக் கொன்று, ரத்தம் வெளியே வந்து, காற்றுப் பட்டால்தான் வித்தாக, அதாவது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வடிவமாக, மாறும். வித்தானபின் பல பத்தாண்டுகள் மண்ணில் காத்திருக்கும். சாகும் மாட்டின் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கில் கிருமி, ரத்தம் உறையாது. உடலைத் திறக்காமல் விட்டால் உள்ளே காற்றில்லை, வித்தாக முடியாது. அழுகல் கிருமிகளே சில நாட்களில் அதை முடித்துவிடும். அந்த நேரத்தில்தான் நீங்கள் கத்தியை வைத்தீர்கள். கிருமிக்குத் தேவைப்பட்டது அந்தக் கத்திதான் ஐயா! விஷமா என்று பார்க்க வயிறு எதற்கு? காது ரத்தக்குழாயில் ஒரு சொட்டு ரத்தம் போதும். பாலிகுரோம் மெத்திலின் புளூ சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நீலக் கம்பி போன்ற கிருமிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும்.

இனி செய்ய வேண்டியது. உடலை எரிப்பது மேல். முடியாவிட்டால், மூக்கு, வாய், ஆசனவாயில் 10% ஃபார்மலினில் நனைத்த துணியை அடைத்து, ரத்தம் ஊறிய மண்ணையும் வாரிப் போட்டு, ஆறடிக்குக் குறையாமல் புதையுங்கள். சுண்ணாம்பு கொட்டச் சொல்வார்கள். கொட்டாதீர்கள், கால்சியம் வித்துகளுக்குத்தான் துணை. மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். ராணிப்பேட்டை கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. காய்ச்சல் கண்ட மாட்டுக்கு மட்டும் முதலில் பென்சிலின். இரண்டையும் சேர்த்துப் போட்டால், ஊசியில் உள்ள உயிருள்ள வித்து முளைத்ததும் பென்சிலின் அதைக் கொன்றுவிடும். காசும் உழைப்பும் வீண்.

சித்தப்பாவைத் திட்டாதீர்கள், பசுவைப் பறிகொடுத்தவர். ஆனால் அறுத்தவர்கள் எல்லாரும் ஒருமுறை கையைப் பாருங்கள். வலியில்லாத கொப்புளம், சுற்றிலும் வீக்கம், நடுவில் கறுத்த பொருக்கு இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாடு அறுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இன்று எதுவும் இல்லையென்றாலும் இரண்டு வாரம் தினமும் பாருங்கள்.