வரப்புச் சுண்டெலிக்குத் தனிக் குறிப்பான் எதற்கு?

அன்புள்ள ஐயா,

வயல் சுண்டெலிகளின் கூட்டங்களை ஆராயுமுன் அவற்றுக்கென மரபணுக் குறிப்பான்களை, அதாவது எலிக்கு எலி உள்ள வேறுபாட்டைக் காட்டும் டி.என்.ஏ. இடங்களை, உருவாக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஆய்வகச் சுண்டெலியின் மரபணுத்தொகுதி 2002ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டதே? அதற்கென உள்ள குறிப்பான்களே எங்கள் வயல்களுக்கும் போதாதா?

முதுகலை மாணவி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள மாணவிக்கு,

போதாது. 2002இல் வெளியானது வீட்டுச் சுண்டெலியிலிருந்து வளர்த்தெடுத்த ஆய்வக வகை ஒன்றின் வரிசை. உங்கள் ஊர் வரப்புகளில் வளை தோண்டி வாழும் மஸ் பூடுகா வேறு இனம். அதைப் போலவே தோற்றமளிக்கும் மஸ் டெரிகலர் என்ற இனமும் நம் நாட்டில் இருப்பதால், பிடித்த எலி எந்த இனம் என்பதை மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைக் கொண்டு முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

குறிப்பான்களில் ஒரு வகையான மைக்ரோசாட்டலைட் என்பது டி.என்.ஏ.வின் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதி. அதன் நீளம் எலிக்கு எலி மாறும். டி.என்.ஏ. பகுதியைப் பல படிகளாக்கும் பி.சி.ஆர். முறையில் அதைப் பெருக்க, இருபுறமும் பிரைமர்கள் எனும் சிறு டி.என்.ஏ. துண்டுகள் ஒட்ட வேண்டும். வீட்டுச் சுண்டெலிக்காக அமைத்த பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் வயல் எலியின் ஒரு பிரதியில் எழுத்து மாறியிருந்தால், அந்தப் பிரதி பெருகாமலே போகலாம்; தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு வேறு நீளங்களைப் பெற்ற எலி, ஒரே நீளம் உடையதாகப் பதிவாகும். இப்படிப் பல எலிகள் பதிவானால், அந்தக் கூட்டம் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்குகிறது என்று கணக்கு காட்டும். எலியிடம் இல்லாத குணத்தை நம் கருவி அதன்மேல் ஏற்றிவிடுகிறது என்பதே என் கவலை. முன்பே தேர்ந்த பல இடங்களில் ஒற்றை எழுத்து மாற்றங்களை ஒரே நேரத்தில் காட்டும் சோதனைத் தகடுகளான சிப்களிலும் தொல்லை உண்டு: ஆய்வக வகைகளை வைத்துத் தேர்ந்த இடங்களில் நம் எலிகள் பெரும்பாலும் வேறுபடாமல் இருக்க, அவை உண்மையில் வேறுபடும் இடங்கள் சிப்பிலேயே இருப்பதில்லை.

ஆகவே கல்லிடைக்குறிச்சி நஞ்சை, மானூர்ப் பக்கத்துப் புஞ்சை என விலகிய இடங்களிலிருந்து எலிகளை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்துக் குறிப்பான்களைத் தேருங்கள். ஒரே வளையில் பிடித்தால் உடன்பிறப்புகளே மிகுந்துவிடும். சினை எலி கிடைத்தால் விடாதீர்கள்; குட்டி ஒவ்வொன்றும் தாயின் இரு பிரதிகளில் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். தாய் ஒரு நீளம் மட்டும், குட்டி வேறொரு நீளம் மட்டும் காட்டினால் அந்தக் குறிப்பானை ஒதுக்கிவிடலாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

பிசானப் பருவ நெல் அறுவடைக்கும் அடுத்த கார் பருவ நடவுக்கும் இடையே வயல் காய்ந்து கிடக்கையில் இந்த எலிகள் அதே வரப்பில் தங்குகின்றனவா, அயல் வயல்களிலிருந்து மீண்டும் குடியேறுகின்றனவா என்ற கேள்விக்கு, இந்தச் சோதனைகளைத் தாண்டிய குறிப்பான்களைக் கொண்டுதான் விடை தேட முடியும்.