கேம் கதை அனிமேயானால் ஏன் இவ்வளவு அவசரம்?
கேமில் ரசித்த கதை அனிமேயாக (ஜப்பானிய அனிமேஷன் தொடராக) வரும்போது ஏன் தலைதெறிக்க ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேமில் வேகத்தைத் தீர்மானிப்பது நாம்தான். தடயம் தேடி அலைவது, தோற்றுத் திரும்ப ஆடுவது, சும்மா சுற்றிப் பேசுவது என்று போகிற அந்த நேரத்தில்தான் பாத்திரங்கள் மனதில் ஒட்டுகின்றன. பள்ளிக்குள் நடக்கும் கொலைகளைத் துப்பறியும் கேமான டாங்கன்ரோன்பாவிலிருந்து 2013-இல் வந்த தொடர், மொத்தக் கேமையும் 13 எபிசோடில் அடைத்ததால் கொலையாளி யார் என்று நாம் யோசிக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது, அப்புறம் எங்கே பதற்றம்? காலப் பயணக் கேமிலிருந்து வந்த ஸ்டைன்ஸ் கேட் 24 எபிசோடு எடுத்துக்கொண்டு முதல் பாதியை மெதுவாகவே நகர்த்தியது (பொறுமையில்லாமல் விட்டவர்களுக்குத்தான் நஷ்டம்), அதனால்தான் பிற்பாதி அப்படி உலுக்குகிறது. சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ் வேறு வழி: சைபர்பங்க் 2077 கேமின் உலகத்துக்குள் புதுக் கதை, 10 எபிசோடே போதுமாக இருந்தது.