எருக்குவியலில் கிடப்பதெல்லாம் தென்னை வண்டின் புழுவா?

கேள்வி: தம்பிலுவிலில் எங்கள் வளவில் உள்ள இளந்தென்னைகளின் ஓலைகள் வெட்டுப்பட்டு விரிகின்றன. மாட்டெருக் குவியலைக் கிளறினால் பருத்த வெள்ளைப் புழுக்கள். இரவில் விளக்கடியில் கொம்பு வைத்த வண்டுகளும் விழுகின்றன. எல்லாம் ஒரே வண்டுதான், குவியலுக்குக் குருணை மருந்து போடுங்கள் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வண்டைப் பாருங்கள்.

விரிந்த ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருந்தால், அது தென்னை வண்டின், அதாவது காண்டாமிருக வண்டின் வேலை. விரியாத குருத்தைத் துளைத்தபோது பட்ட காயம், ஓலை விரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் காண்பது பழைய காயம். இன்றைய வண்டு குருத்தடியில் இருக்கும். ஓட்டையின் வாயில் ஈர நார்ச்சக்கை தள்ளிக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். கொக்கிக் கம்பியால் இழுத்து எடுங்கள்.

அது கரிய வண்டு, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளம். தலையில் ஒரே கொம்பு, பின்னோக்கி வளைந்தது. தலையில் ஒன்றும் முதுகிலிருந்து முன்னோக்கி நீண்டு ஒன்றுமாக இரண்டு கொம்புகள் இருந்து, அவற்றின் நுனி கவடுவிட்டிருந்தால் அது உறவுக்கார வண்டு. உங்கள் கவலைக்குரியது அதுவல்ல. சாண வண்டிலும் கொம்பன் உண்டு. அதன் தலை முன்பக்கம் அகன்று தட்டையாக இருக்கும். மண்ணுக்கு நல்லது செய்யும் அதை மிதிக்காதீர்கள்.

கொம்பில்லாத வண்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரட்டைக் கொம்பனின் பெண்ணுக்குக் கொம்பே இல்லை. காண்டாமிருக வண்டின் பெண்ணுக்குக் கொம்பு உண்டு, ஆனால் சிலவற்றில் அது வெறும் முளையளவுக்குக் குறுகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கைதான். அப்போது கொம்பை மறந்துவிட்டுத் தலைக்குப் பின்னுள்ள முதுகுத் தகட்டை நகத்தால் தடவுங்கள். முன்பாதி பெரிய பள்ளமாக இறங்கி, பள்ளத்தின் பின்விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் காண்டாமிருக வண்டு. பள்ளமின்றிச் சொரசொரப்பாக மேடிட்டிருந்தால் மற்றது. வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருப்பது காண்டாமிருக வண்டின் பெண்ணுக்கு அடையாளம். கொம்பு நீளத்தை வைத்து ஆண் பெண் சொல்பவரை நம்பாதீர்கள்.

இனிப் புழு. ஒன்றை எடுத்து இறுகிய மண்தரையில் விடுங்கள். மல்லாந்து, கால்களை வானத்துக்குக் காட்டியபடி முதுகால் நகர்ந்தால் அது பூவண்டின் குடம்பி. எருவை மக்கச் செய்யும் அப்பாவி, திரும்பக் குவியலுக்குள் போடுங்கள். வளைந்தபடி பக்கவாட்டில் கிடந்து தவித்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அந்தப் புழுவும் உயிருள்ள தென்னையைத் தொடுவதில்லை. மரத்தைத் தின்பது வளர்ந்த வண்டுதான். இதைச் சொல்லாமல்தான் குருணை விற்கிறார்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தை எருவில் கொட்டி, அந்த எருவைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போட்டால் நஞ்சு போய்ச் சேரும் இடம் உங்கள் அடுப்படி.

வாசனைப் பொறி விற்பவரும் வருவார். பொறி பொய்யல்ல. ஆனால் அந்த வாசனை ஆண், பெண் இரண்டையும் அழைக்கும். அயல் வளவு வண்டும் வரும், வந்ததெல்லாம் வாளிக்குள் விழாது. இளங்கன்றுகளுக்கு நடுவில் தொங்கவிட்டால் விருந்து வைத்த கதைதான். ஒதுக்குப்புறத்தில் வையுங்கள்.

வண்டைப் போத்தலில் போட்டு அதிகாரிகளிடம் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுங்கள். படிவத்தை நிரப்பி, கையொப்பம் வாங்கி, மறுமொழி வருவதற்குள் போத்தலில் இருப்பது தூளாகிவிடும். தெரிந்த விவசாயப் போதனாசிரியர் இருந்தால் நேரே வளவுக்கு அழைத்து வந்து காட்டுங்கள்.

விழுந்து உக்கும் தென்னங்குற்றிகளைப் பிளந்து எரியுங்கள், வண்டு முட்டையிடும் முதல் இடம் அதுதான். குவியலை அடிக்கடி புரட்டுங்கள். புரட்டும்போது பச்சைப் பொடி பூத்து இறுகிச் செத்த புழு அகப்பட்டால் எறியாமல் அங்கேயே விடுங்கள். அந்தப் பூஞ்சை மற்றப் புழுக்களுக்கும் தொற்றும்.