நர்ஸ் வேலையை விட்டுவிட்டு சமயவியல் படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து 9 ஆண்டுகளாகப் புற்றுநோய் வார்டில் இருக்கிறேன். கடைசி நாட்களில் நோயாளிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை. சமயம், அறவியல், ஆன்மிகப் பராமரிப்பு பற்றி முதுகலை படிக்க ஆசை. நான் இந்து. எங்கே படிக்கலாம்? வேலையை விட்டுவிடலாமா? – திருச்சி வாசகி

பதில்: வேலையை விடாதீர்கள், அது உங்களுக்குத் தேவைப்படும்.

சமயத்தைப் பற்றிப் படிப்பது வேறு, கட்டிலருகே உட்காரப் பழகுவது வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம், இஸ்லாம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே படிப்புகள் இருக்கின்றன. நூல், வரலாறு, தத்துவம் எல்லாம் கிடைக்கும், வார்டு கிடைக்காது. கிறித்தவ இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் எம்.டிஎச். (இறையியல் முதுகலை) படிப்பில் ஆன்மிகப் பராமரிப்பு, ஆலோசனை சார்ந்த பிரிவு உண்டு. ஆனால் அதற்கு முன் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது சுற்றுவழி.

நீங்கள் தேடுவது கிளினிகல் பாஸ்டரல் எஜுகேஷன், அதாவது சி.பி.இ., நோயாளிகளோடு பழகியே ஆன்மிகப் பராமரிப்பைக் கற்கும் பயிற்சி. 1925-ல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் மனநல மருத்துவமனையில் இதைத் தொடங்கிய ஆன்டன் பாய்சன், தானே மனநோயாளியாக மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். நம் பக்கம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சாப்ளின்சி (நோயாளிகளுக்கான ஆன்மிகப் பராமரிப்பு) துறையில் இந்த வகைப் பயிற்சி உண்டு. பிற சமயத்தாரையும் சேர்ப்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் 'வெர்பேட்டிம்'. நோயாளியிடம் பேசிவிட்டு வந்து அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, நடுவில் பேச்சற்றுப் போன இடம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதிக் குழுவில் வாசிக்க வேண்டும். "யாருக்கு என்ன பாவம் பண்ணேன் சிஸ்டர்?" என்று ஒரு அம்மா கேட்டிருப்பார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மேற்பார்வையாளர் அந்த வரியில் நிறுத்துவார். "சரியாயிடும்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்களுக்காகச் சொன்னீங்களா, உங்க பயத்துக்காகச் சொன்னீங்களா?" முகம் சுண்டிப்போகும். எந்த எம்.ஏ. வகுப்பிலும் இப்படி யாரும் உங்களை உட்காரவைத்துக் கேட்கமாட்டார்கள்.

அறவியலை மட்டும் முறையாகப் படியுங்கள். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று மகன் கெஞ்சும்போது அது கைகொடுக்கும். உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. அதைப் பற்றியும் வார்டில் கேட்பார்கள்.

வேலைவாய்ப்பு? கிறித்தவ மருத்துவமனைகளைத் தாண்டி இங்கே சாப்ளின், அதாவது ஆன்மிகப் பராமரிப்பாளர் பதவி அரிது. அமெரிக்காவில் சாப்ளினுக்கான போர்டு சான்றிதழுக்கு, முதுகலையோடு, தலா 400 மணி நேரம் கொண்ட நான்கு சி.பி.இ. யூனிட்கள் வேண்டும். கூடவே உங்கள் சமயத்தாரின் அங்கீகாரக் கடிதத்தையும் கேட்கலாம். ஆயர், சபை என்ற அமைப்பில்லாத நமக்கு அதை யார் கொடுப்பது என்பதே தனித் தலைவலி.

அதனால் நர்ஸாகவே இருந்துகொண்டு பாலியேட்டிவ் கேர் (வலி தணிப்புப் பராமரிப்பு) பயிற்சி எடுப்பதுதான் உங்களுக்கு நேர்வழி என்பேன். 1967-ல் லண்டனில் நவீன ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸும் நர்ஸாகத்தான் ஆரம்பித்தார். உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்து வலிப்பதையே 'முழு வலி' என்றார். எம்.ஏ.வை பிறகு தொலைநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். பெயரை மாற்றி, ஒரே ஓர் உரையாடலை எழுதிப் பாருங்கள். நீங்கள் பேசிய வரிகளை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.