கராஜுக்குள் அனல்: ஏசிக்கு முன் கதவைக் கவனியுங்கள்

கேள்வி: பாலைவனப் பகுதியில் வீடு. கராஜ் கதவு மேற்குப் பார்த்த தகரக் கதவு, அடர்பழுப்பு பெயின்ட். கோடையில் வெளியே 43 டிகிரி என்றால் மாலை ஐந்து மணிக்கு உள்ளே 48 டிகிரி காட்டுகிறது. ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்வது அங்கேதான். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியும் பயனில்லை. ஏசி போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், ஆனால் கடைசியாக. இப்போதே போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும். மீறி வந்த சூட்டை இரவில் வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மெஷின்.

இன்று மாலை நாலரை மணிக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். மூடிய கதவுக்கு நான்கு விரற்கடை தள்ளி, தொடாமல், உள்ளங்கையைக் காட்டுங்கள். அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல் சுடும். பிறகு சுவர், கூரை, தரை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் அதேபோல் காட்டிப் பாருங்கள். அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இருந்தால் அளவே தெரிந்துவிடும் (பளபளக்கும் அலுமினியப் பரப்பில் மட்டும் அது தப்பாகக் காட்டும்). எது அதிகம் சுடுகிறதோ அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், அது கதவாகத்தான் இருக்கும்.

கராஜ் கதவுத் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. பின்மதிய வெயில் நேராக விழும்போது, அடர்ந்த நிறம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சூடு தகரத்தின் உள்பக்கத்திலிருந்து கதிராகப் பாய்ந்து உங்கள் மேலும், மேசை மேலும், தரை மேலும் விழுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் தோற்றதற்கும் இதுவே காரணம். ஃபேன் காற்றைத்தான் இழுக்கும், கதிரை இழுக்காது. அதுவும் 48 டிகிரி காற்றை வெளியே தள்ளி, கதவு இடுக்கு வழியாக 43 டிகிரி காற்றை உள்ளே கொண்டுவருகிறது. பகலில் அதை நிறுத்திவிடுங்கள்.

முதல் வேலை பெயின்ட். வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் அடியுங்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை. கதவுக்கு வெளியே நிழல் தரும்படி ஒரு பந்தலோ கூரை நீட்டிப்போ போட முடிந்தால் அது இன்னும் நல்லது. வெயில் தகரத்தைத் தொடாமலே போய்விடும்.

அடுத்தது உள்பக்கம். பலர் அலுமினியத் தாளை அப்படியே தகரத்தில் ஒட்டிவிட்டு, பலனில்லை என்கிறார்கள். பளபளக்கும் பரப்புக்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது கதிரைத் தடுக்கும். தகரத்தோடு ஒட்டிக்கிடந்தால் சூட்டைக் கடத்தத்தான் செய்யும். என் சிபாரிசு, அலுமினியத் தாள் போர்த்திய ஃபோம் போர்டு. கதவின் ஒவ்வொரு பலகைக்கும் அளந்து வெட்டிச் செருகிவிடலாம். வெறும் தெர்மோகோல் போதுமா என்றால் சூட்டைத் தடுக்கும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். கிரைண்டர், வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் அதைத் திறந்தபடி விடவே கூடாது. தீயடக்கும் தரத்தில் உள்ளதை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கதவின் எடைக்குத் தக்கபடிதான் மேலே உள்ள ஸ்பிரிங் முறுக்கப்பட்டிருக்கும். போர்டு சேர்த்த பிறகு மோட்டார் இணைப்பை விடுவித்து, கையால் பாதிவரை தூக்கி மெதுவாகக் கையைத் தளர்த்திப் பாருங்கள். கதவு அங்கேயே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும். அதை நீங்கள் தொடாதீர்கள். முறுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கை எலும்பு முறியும். தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.

இடுக்குகளைக் கண்டுபிடிப்பது சுலபம். நட்டநடுப் பகலில் விளக்கை அணைத்துக் கதவை மூடி உள்ளே நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் அனலும் புழுதியும் வருகிறது. அடிப்பக்க ரப்பர் வெயிலில் இறுகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கூரை ஓடோ தகரமோ என்றால் அதன் அடியில், பளபளப்பு கீழே பார்க்க, இடைவெளி விட்டு அலுமினியத் தாள் கட்டுங்கள். மேலே பார்க்க வைத்தால் புழுதி படிந்து சில மாதங்களில் பயனற்றுப் போகும். கான்கிரீட் தளம் என்றால் மேலே வெள்ளைப் பூச்சு.

இனி இரவு. பாலைவனத்தில் வறண்ட காற்றும் தெளிந்த வானமும் இருப்பதால் இருட்டிய பின் சூடு மளமளவென்று இறங்கும். ஆனால் கான்கிரீட் தரையும் சுவரும் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இப்போதுதான் உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வேலை. அதை உயரத்தில் மாட்டி, எதிர்ச்சுவரின் அடியில் கம்பிவலை போட்ட காற்றுவழி ஒன்று வையுங்கள். தேள் நுழையாத அளவுக்கு வலை நெருக்கமாக இருக்கட்டும். இருட்டிய பின், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் ஓட விடுங்கள். வெயில் ஏறுமுன் நிறுத்தி எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், காற்றுவழி போதாமல் ஃபேன் ஓடும்போது அதன் புகை உள்ளேயே திரும்பக்கூடும். அங்கே ஃபேன் போடும் முன் ஹீட்டர் தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஓடிவந்த காரை உடனே உள்ளே விடாதீர்கள். இன்ஜினில் சுற்றும் கூலன்ட்டே 90 டிகிரி இருக்கும். அரைமணி, ஒரு மணி நேரம் வெளியே நிழலில் ஆறட்டும். கராஜில் பழைய ஃபிரிட்ஜ் ஓடினால் அதுவும் ஓயாமல் சூடு கக்கும். வெப்பமான பகுதிகளுக்கென்றே செய்யப்படும் 'டி' வகுப்பு ஃபிரிட்ஜே வெளிவெப்பம் 43 டிகிரி வரைக்கும்தான் வடிவமைக்கப்பட்டது. அதை வீட்டுக்குள் மாற்றுங்கள். ஸ்பிரே டப்பா, பெட்ரோல் கேன், லித்தியம் பேட்டரி எதையும் கதவருகே வைக்க வேண்டாம்.

ஏர் கூலர்? வறண்ட காற்றில் பிரமாதமாக வேலை செய்யும். 42 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் நல்ல கூலரிலிருந்து 26 டிகிரி அளவில் காற்று வரும். ஆனால் ஈரக்காற்று வெளியேற வழி திறந்திருக்க வேண்டும். மழைக்காலக் காற்றில் அதனால் பலனே இருக்காது. தச்சு வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மரம் ஈரம் குடித்து ஊதும், ரம்பமும் உளியும் துருப்பிடிக்கும்.

ஆகவே உங்களுக்கு ஸ்ப்ளிட் ஏசிதான் சரி. மேலே சொன்னதையெல்லாம் முடித்து ஒரு வாரம் வெப்பநிலையைக் குறித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். சின்ன அளவே போதுமானதாக இருக்கலாம். வீட்டின் மைய ஏசிக் குழாயிலிருந்து மட்டும் கராஜுக்குக் கிளை எடுக்காதீர்கள். கார் புகையும் பெட்ரோல் ஆவியும் அதே வழியாகப் படுக்கையறைக்குப் போகும். மரத்தூள் பறக்கும் இடம் என்பதால் ஏசி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டிக் கழுவி மாட்டுங்கள்.