நடுங்கியது கையா, கண்ணாடியா?

இந்த மாதம் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: மீடியம் ஃபார்மட் கேமராவை (35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிமோ சென்சாரோ கொண்டது) ட்ரைபாடில் வைப்பதா, கையில் பிடிப்பதா?

லால்பாக் கண்ணாடி மாளிகையை மாமியா ஆர்பி67-இல் எடுத்தேன். லென்ஸ் 127 மி.மீ. காலையில் கையில் பிடித்து 1/250 நொடியில் எடுத்த மூன்று படம் பளிச். மாலையில் ட்ரைபாடில் வைத்து 1/8 நொடியில் எடுத்த ஏழும் மங்கல். ட்ரைபாடில் வைத்தது தப்பா?
– எஸ்.ஆர்., அல்சூர்

நெகட்டிவை லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். மாளிகையின் செங்குத்துக் கம்பிகள் கூர்மையாகவும், குறுக்குக் கம்பிகள் மட்டும் இரட்டைக் கோடாகவும் தெரிந்தால், ஆடியது கேமராவுக்குள் இருக்கும் மிரர், அதாவது லென்ஸ் காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி. அது மேலே எகிறி அடிக்கும்போது கேமரா மேலும் கீழுமாகத் தலையாட்டும். அதனால் குறுக்குக் கோடுகள்தான் அடிபடும். கோடுகள் சாய்வாகவோ சுழித்தோ இழுபட்டிருந்தால் கை அல்லது காற்று.

ஆர்பி67 லென்ஸோடு இரண்டரை கிலோவுக்கு மேல். மிரரும் அதற்கேற்ற சைஸ். அது கிளப்பும் அதிர்வு அடங்க ஒரு நொடிக்குள் சிறு பங்கு நேரம் பிடிக்கும். 1/250-இல் அந்த ஆட்டம் படத்தில் பதிவதற்குள் ஷட்டர் மூடிவிடுகிறது. 4 நொடி திறந்திருந்தால் அதிர்வு மொத்த ஒளியில் சொற்பம்தான். இடையில், 1/30 முதல் 1 நொடி வரைதான் கண்டம். நீங்கள் நின்றது சரியாக அதன் நடுவில்.

ஆர்பி67-இல் மிரரை முன்கூட்டியே தூக்கிவைக்கும் வசதி பாடியில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. ஃபோகஸ், ஃபிரேம் எல்லாம் முடித்துவிட்டு லென்ஸில் கேபிள் ரிலீஸை (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கம்பி) திருகுங்கள். அங்கேயே உள்ள குமிழை ‘என்’னிலிருந்து ‘எம்’முக்குத் திருப்புங்கள். பாடியின் ஷட்டர் பட்டனை அழுத்தினால் மிரர் மட்டும் மேலே போகும், வ்யூஃபைண்டர் இருட்டாகும். ஐந்து வரை எண்ணிவிட்டுக் கேபிளை அழுத்துங்கள். கேபிள் விறைப்பாக இழுபட்டிருந்தால் அதுவே கேமராவை அசைக்கும், ஒரு வளைவு தொங்கட்டும்.

படம் எடுத்ததும் குமிழை ‘என்’னுக்குத் திருப்ப மறப்பதுதான் எல்லோரும் விழும் குழி. மறந்தால், அடுத்து கையில் பிடித்து எடுக்கும்போது மிரர் ‘டப்’பென்று அடிக்கும், ஷட்டர் திறக்கவே திறக்காது. சத்தம் கேட்டதால் படம் விழுந்தது என்று நினைத்து ஃபிலிமை நகர்த்திக்கொண்டே போவோம். ரோல் வெள்ளையாக வரும்.

ட்ரைபாடையும் ஒருமுறை பாருங்கள். நடுத்தண்டை ஏற்றி வைத்திருந்தீர்களா? அப்படியானால் மூன்று கால் மேல் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, அதன் உச்சியில் இரண்டரை கிலோவை உட்கார வைத்த கதை. தண்டை இறக்கிவிட்டு, உயரம் வேண்டுமானால் தடித்த கால்பகுதிகளை முதலில் நீட்டுங்கள். எடைக்காக ட்ரைபாட் கொக்கியில் பை மாட்டினால் அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடும். ஜனவரி, ஆகஸ்ட் மலர்க்காட்சி நாட்களில் கூட்டத்தின் காலடியே தரையை அதிர வைக்கும். அந்த நாட்களில் ட்ரைபாடை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே மேல். மற்ற நாட்களிலும் விரிக்கும் முன் வாசலில் அனுமதி கேட்டுவிடுங்கள்.

சிட்டி மார்க்கெட் பூக்கடைகளை யாஷிகா மேட் 124ஜி-யில் எடுக்கிறேன். அங்கே ட்ரைபாட் விரிக்க இடமே இல்லை. கையில் பிடித்து எவ்வளவு மெதுவான ஷட்டர் வரை போகலாம்?
– ஒரு வாசகி, ஜெயநகர்

உங்கள் இரட்டை லென்ஸ் கேமராவில் ஆடும் மிரரே இல்லை. மேல் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அசையாது. லென்ஸுக்குள் இருக்கும் லீஃப் ஷட்டரும் பூனை நடை நடக்கும். ‘லென்ஸ் 80 மி.மீ. என்றால் 1/125’ என்ற பழைய கணக்கை நீங்கள் இரண்டு படி (ஒவ்வொரு படிக்கும் நேரம் இரு மடங்கு) தாண்டலாம். 1/30 தாராளமாக வரும், தூணில் சாய்ந்தால் 1/15.

அதற்குக் கழுத்துப் பட்டையின் நீளம் முக்கியம். கேமரா வயிற்றுக்குச் சற்று மேலே வரும்படி வைத்து, பட்டை விறைக்கும் வரை கேமராவைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கழுத்து, இரண்டு கை என்று மூன்று பிடிமானம் கிடைக்கும். முழங்கைகள் விலாவில் ஒட்டட்டும். யாஷிகாவின் பட்டன் முன்பக்கம் கீழ் மூலையில் இருப்பதால், விரலால் மட்டும் அழுத்தினால் கேமரா ஒரு பக்கம் திரும்பிவிடும். பின்னாலிருந்து கட்டைவிரலை எதிரே கொடுத்து, உப்பு எடுப்பதுபோல இரு விரலால் மெதுவாக நசுக்குங்கள். பாதி மூச்சு விட்டு நிறுத்திய நேரத்தில் அழுத்துவது நல்லது.

இன்னொரு படி வேண்டுமென்றால் கயிறு. கேமராவின் ட்ரைபாட் ஓட்டையில் கால் இஞ்ச் போல்ட் ஒன்றைத் திருகி, அதில் கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுங்கள். எஸ்.பி. ரோடு ஹார்டுவேர் கடையில் போல்ட் கேட்டால் கையில் கிடைத்த எம்6-ஐ எடுத்துக் கொடுத்துவிடலாம், ஜாக்கிரதை. அது 6 மி.மீ., உங்களுக்கு வேண்டியது 6.35 மி.மீ., இஞ்சுக்கு 20 மரை. எம்6 உள்ளே போவதுபோலத் தோன்றும், மரையைத் தின்றுவிடும். போல்ட் உள்ளே 5 மி.மீ.க்கு மேல் போகவும் வேண்டாம். சிக்கினால் நிறுத்திவிடுங்கள், முறுக்காதீர்கள்.

ஹாசல்பிளாட் 500சி/எம், 150 மி.மீ. லென்ஸ், எஃப்/4, 1/500 நொடி. முகப்படத்தில் மூக்கு நுனி கூர்மை, கண் மங்கல். இந்த வேகத்திலும் கை நடுங்குமா?
– கே.வி., இந்திராநகர்

கை நடுங்கவில்லை. நடுக்கமென்றால் மூக்கும் மங்கியிருக்கும். படத்தில் ஏதோ ஓர் இடம் கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிரச்சினைதான்.

ஒன்றரை மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸுக்கு எஃப்/4-இல் கூர்மை ஆழம் மொத்தமே 4 செ.மீ. அளவுதான், கண்ணுக்கு முன்னால் 2, பின்னால் 2. ஃபோகஸ் செய்து முடித்து, குனிந்து ஃபிரேம் பார்த்து, மூச்சு விட்டு அழுத்துவதற்குள் உங்கள் உடம்பு அவ்வளவு தூரம் முன்னே பின்னே போயிருக்கும். எதிரே உட்கார்ந்தவரும் சும்மா இருக்கமாட்டார். லென்ஸ் துவாரத்தை எஃப்/8-க்கு மூடினால் 7 செ.மீ. கிடைக்கும், அதே ஒளியில் ஷட்டர் 1/125 ஆகும். கையிலேயே எடுப்பதானால் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், கண் கூர்மையாகும் வரை உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, கூர்மை வந்த நொடியில் அழுத்துங்கள். ட்ரைபாடில் வைத்தால் ஆடுவது ஒருவர் மட்டும், நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னால் அவரும் இல்லை. முகப்படத்துக்கு ட்ரைபாட் கேட்பது ஷட்டருக்காக இல்லை, இந்த 4 சென்டிமீட்டருக்காக.

ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ்100எஸ் வாங்கினேன். உள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறதே, ட்ரைபாட் இனி எதற்கு?
– ஆர்., ஃபிரேசர் டவுன்

பகல் வேலைக்குத் தேவையில்லை. ஆனால் பிக்ஸல் அளவு 3.76 மைக்ரான், 102 மெகாபிக்ஸல். ஃபிலிமில் கண்ணுக்கே தெரியாத நடுக்கம் இதில் தெரியும். ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரே நடப்பவரின் காலை நிறுத்தாது. ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, 2 நொடி டைமர் போடுங்கள். கையில் எடுக்கும்போது எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், ஓடும் ஆட்டோ படத்தில் சாய்ந்து தெரியும்.

எம்.ஜி. ரோடு மெட்ரோ பாலத்தை மாலை மங்கும் நேரத்தில் எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுக்க ஆசை. லைட் மீட்டர் 10 நொடி காட்டுகிறது. அப்படியே வைக்கலாமா?
– டி.எம்., சிவாஜிநகர்

வைத்தால் ஒரு படி இருட்டாக வரும். நீண்ட நேரத்தில் ஃபிலிம் சோம்பிவிடும். எச்பி5-க்கு மீட்டர் 4 நொடி என்றால் 6, 10 என்றால் 20, 30 என்றால் சுமார் 85 நொடி கொடுங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் கணக்கு. பாலத்தோடு ஒட்டிய நடைமேடையோ படிக்கட்டோ வேண்டாம், ரயில் வரும்போது ட்ரைபாடோடு சேர்ந்து அதிரும். கீழே தரையில், சுவரோரமாக நில்லுங்கள். ரயிலின் ஒளிக்கோடு வேண்டுமென்றால் அது வரும்போது திறந்துவிடுங்கள். நடுவில் பஸ் முகப்பு விளக்கு லென்ஸில் அடித்தால் கறுப்பு அட்டையால் லென்ஸைத் தொடாமல் மறையுங்கள், மறைத்த நொடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிலையத்துக்குள் ட்ரைபாட் விரிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பெங்களூரு கரகத் திருவிழாவுக்கு ட்ரைபாடா, கையா?
– பெயர் இல்லாத அஞ்சலட்டை

கைதான். சைத்ர மாதப் பௌர்ணமி இரவு தர்மராயர் கோயில் தெருவில் ட்ரைபாட் விரித்தால் நாலு பேர் தடுக்கி விழுவார்கள், முதலில் விழுவது உங்கள் கேமரா. எச்பி5-ஐ ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து எஃப்/2.8, 1/60-இல் தொடங்குங்கள். டெவலப் செய்ய, ஐடி-11 டெவலப்பர் கரைசலில், மேலும் தண்ணீர் சேர்க்காமல், 20 டிகிரியில் 14 நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு. பக்கெட்டில் ஐஸ் போட்டு, அதில் கரைசல் பாட்டிலை நிறுத்தி இறக்குங்கள். கரைசலுக்குள்ளேயே ஐஸ் போட்டுவிடாதீர்கள்.